சிப்பிக்குள் இருந்த காற்று – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிராப்பிஸ்ட்-1 விண்மீனைச் சுற்றும் ஏழு கிரகங்களில் மூன்று, வாழத்தகு மண்டலத்தில் இருப்பதாகப் படித்தேன். அவற்றில் எதில் உயிர் இருக்க வாய்ப்பு அதிகம்? பூமியைத்தான் கெடுத்துவிட்டோமே, ஒருநாள் அங்கே குடியேறிவிடலாம் அல்லவா? பறக்கும் தட்டுகள் பற்றி உங்கள் கருத்து என்ன?

கே.

அன்புள்ள கே.,

பறக்கும் தட்டுகளை விட்டுவிடுவோம். குடியேறுவதைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. அந்த விண்மீன் 40 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. வாயேஜர்-1 விண்கலம் நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் போனால் 7 லட்சம் ஆண்டுகள் ஆகும். 'கெடுத்துவிட்டோமே' என்று இவ்வளவு லேசாக எழுத எப்படி மனம் வந்தது? கூரையில் தீ வைத்துவிட்டு அடுத்த ஊரில் வீடு தேடுகிற பேச்சு இது. இனி அப்படி எழுதாதீர்கள்.

ஆனால் 'மண்டலம்' என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. சில நாட்களாக நானும் அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். விண்மீனிலிருந்து சரியான தூரம், தண்ணீர் உறையாமலும் கொதிக்காமலும் இருக்க வாய்ப்புள்ள இடம், அவ்வளவுதான் அதன் பொருள். நம் நிலவும் அதே மண்டலத்தில்தான் இருக்கிறது. அங்கே ஒரு புல் உண்டா? சனியின் துணைக்கோள் என்செலடஸ் அந்த மண்டலத்துக்கு வெகு வெளியே கிடக்கிறது. அதன் பனி ஓட்டின் வெடிப்புகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிடுவதை 2005-இல் காசினி விண்கலம் கண்டது. உள்ளே கடலே இருக்கிறது.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அக்கா ஒரு கிண்ணத்தில் வினிகர் ஊற்றி, அதில் நான் பொறுக்கி வைத்திருந்த சிப்பியைப் போட்டாள். மேலெல்லாம் குமிழ் குமிழாகப் பொங்கியது. காதை வைத்துக் கேட்கச் சொன்னாள். மெல்லிய சீறல் கேட்டது. "இது பழைய காற்றுடா, கல்லுக்குள்ளே அடைஞ்சு கிடந்தது" என்றாள். மறுநாள் காலை எடுத்துப் பார்த்தால் சிப்பி மெலிந்து, விரல் பட்டதும் உடைந்தது. நான் அழுதேன். அவள் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய எனக்கு முப்பது வருடம் ஆயிற்று.

அக்கா சொன்ன அந்தப் பழைய காற்று கரியமில வாயுதான். மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கி, பாறையை அரிக்கிறது. அரித்ததை ஆறு கடலுக்குக் கொண்டுபோகிறது. கடலுயிர்கள் அதில் ஓடு கட்டுகின்றன, ஓடுகள் படிந்து சுண்ணாம்புப் பாறையாகின்றன. கடலடித் தட்டு பூமிக்குள் அமிழும்போது அந்தப் பாறையிலிருந்து வாயு பிரிந்து எரிமலை வழியாக மறுபடி மேலே வருகிறது. அப்புறம் முக்கியமானது இதுதான்: பூமி சூடானால் அரிப்பு கூடி, வெப்பத்தைப் பிடித்துவைக்கும் அந்த வாயு குறையும், குளிர்ந்தால் அரிப்பு தளர்ந்து வாயு சேரும். 400 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியன் இன்றைவிட ஏறக்குறைய கால் பங்கு மங்கலாக இருந்தது. அன்றிலிருந்து கடல் முழுசாக உறைந்தும் போகாமல் கொதித்தும் போகாமல் இருப்பதில் இந்தச் சுழற்சிக்குப் பெரும் பங்குண்டு.

வெள்ளிக் கிரகத்தைப் பாருங்கள். பருமனில் கிட்டத்தட்ட நம் பூமிதான். அதன் காற்றிலுள்ள கரியமில வாயுவுக்கு ஏறக்குறைய சமமான அளவு நம்மிடமும் இருக்கிறது, பாறைக்குள் பூட்டிக்கிடக்கிறது. அங்கே பூட்ட மழையும் இல்லை, கடலும் இல்லை. தரையில் 465 டிகிரி செல்சியஸ், நம்மைப்போல் 90 மடங்குக்கு மேல் காற்றழுத்தம்.

நம் புகையையும் பூமியே சரிசெய்துகொள்ளும் என்று இதைப் படித்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். இந்தச் சுழற்சிக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். நாம் 200 ஆண்டுகளில் கொட்டியிருக்கிறோம்.

சரி, அந்த மூன்றில் எது என்று கேட்டீர்கள். தூரத்தை வைத்து என்னால் ஒன்றைக் கைகாட்ட முடியாது. அங்கே காற்று தங்கியிருக்கிறதா, மழை பெய்கிறதா, எரிமலை புகைகிறதா என்று முதலில் கேளுங்கள். வீட்டில் வினிகர் இருந்தால் ஒரு சிப்பியைப் போட்டுக் காதை வைத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.