சொந்தக் காசில் புத்தகம் போடலாமா?

கேள்வி: இப்போது ஆளாளுக்குச் சொந்தமாகப் புத்தகம் வெளியிடுகிறார்களே, திடீரென்று ஏன் இவ்வளவு பேர்? என்னிடம் 12 சிறுகதைகள் இருக்கின்றன. 40,000 ரூபாய் கட்டினால் எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு நிறுவனம் சொல்கிறது. கட்டலாமா?

கட்ட வேண்டாம். சொந்தமாகப் புத்தகம் போடுவது தப்பு என்று சொல்லவில்லை. நீங்கள் சொல்கிற ஏற்பாடு அதுவே இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்தும் மெய்ப்பு வேலையும் பக்கம் வடிவமைப்பதும் என் தொழில். முன்பெல்லாம் பதிப்பகங்கள்தான் வேலை கொடுக்கும். இப்போது எழுதியவர்களே நேராகக் கோப்பை அனுப்பி, "இதைப் புத்தகமாக்கித் தாருங்கள்" என்று கேட்பது அதிகமாகிவிட்டது. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்கள், வங்கி அதிகாரிகள், இல்லத்தரசிகள், கல்லூரியில் படிக்கிற கவிஞர்கள் என்று எல்லாரும் வருகிறார்கள்.

"திடீரென்று" என்கிறீர்கள். அப்படியில்லை. 1887-இல் உ.வே.சா. சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது பதிப்பாளர் யாரும் பணத்தோடு காத்திருக்கவில்லை. புத்தகம் வந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்று முன்கூட்டியே கையொப்பம் வாங்கித்தான் வேலையை நகர்த்தினார். இன்றைக்கு அதற்கு முன்பதிவு என்று பெயர். 1920-இல் பாரதி இன்னும் பெரிதாகக் கணக்குப் போட்டார். தன் எழுத்தை 40 நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சடித்து, மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதைவிடச் சுலபமாக விற்றுவிடலாம் என்று நம்பி, நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். பணம் திரளவில்லை. அடுத்த ஆண்டு அவரே இல்லை. இலங்கையில் எழுத்தாளரே தன் நூலைப் போடுவது இன்றுவரை சர்வசாதாரணம். வெளியீட்டு விழாவில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று பெயர் வாசிப்பார்கள். வாங்க மேடையேறுகிறவர் கையில் ஒரு கவர் இருக்கும். அட்டையில் போட்ட விலைக்கும் கவருக்குள் இருக்கிற தொகைக்கும் சம்பந்தம் இருக்காது. அச்சுக்கூலியில் ஒரு பங்கு அன்று மாலையே வந்துவிடும்.

ஆக, போடுகிற ஆசை பழையதுதான். மாறியது விற்காமல் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பிரதிகளின் எண்ணிக்கை.

ஆஃப்செட் என்கிற வழக்கமான அச்சு முறையில் பிளேட் போட்டு இயந்திரத்தை ஓட விடுகிற செலவு 100 பிரதிக்கும் ஒன்றுதான், 1,000 பிரதிக்கும் ஒன்றுதான். அதனால் 100 மட்டும் அடித்தால் ஒரு பிரதியின் அடக்க விலை எங்கேயோ போய்விடும். சரி, 500 அடித்துவிடலாம் என்பார்கள். சொந்தக்காரர்கள், அலுவலக நண்பர்கள், விழாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் வாங்கிய பிறகு மிச்சம் அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிடும். அரசு நூலகங்கள் மொத்தமாக வாங்கும் நூலக ஆணை கிடைத்தால் போட்ட காசு திரும்பும் என்று அதையே நம்பி வந்த கவிதைத் தொகுப்புகள் ஏராளம். நூலகத் துறை விலை தந்துவந்தது பாரக் கணக்கில். டெம்மி என்கிற வழக்கமான புத்தக அளவில் 16 பக்கம் ஒரு பாரம், 160 பக்கம் என்றால் 10 பாரம். உள்ளே இருப்பது நல்ல கவிதையா, மோசமான கவிதையா என்பது அந்தக் கணக்கில் வந்ததில்லை. ஒரு பக்கத்துக்கு நான்கு வரி மட்டும் அச்சிட்ட தொகுப்புகள் ஏன் அத்தனை வந்தன என்பது இப்போது புரிந்திருக்கும்.

பிரிண்ட் ஆன் டிமாண்ட் (பிஓடி) இந்தச் சிக்கலை உடைத்தது. ஆர்டர் வந்தால் ஒரு பிரதி அடிப்பார்கள், வராவிட்டால் இல்லை. ஒரு பிரதிக்கு ஆகும் செலவு ஆஃப்செட்டைவிடக் கூடுதல்தான். ஆனால் முதலில் கையை விட்டுப் போகிற பணம் குறைவு, பெட்டியும் கிடையாது. 2016 இறுதியில் அமேசானின் மின்நூல் தளமான கிண்டில் தமிழுக்கும் வந்தது. அதன்பின் அச்சகமே தேவையில்லை என்றாயிற்று. ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டச்சு செய்த கோப்பு, ஓர் அட்டைப்படம், வங்கிக் கணக்கு, பான் எண் போதும். பழைய எழுத்துருவில் இருந்த கோப்புகளை மாற்றுவதுதான் தொல்லை. "கௌரி" என்பது "கெ"யும் "ள"வும் ஒட்டிய "கெளரி"யாக வரும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தேடினால் கிடைக்காது. இப்படிப்பட்டவற்றைக் களைவதிலேயே என் பாதி நாள் போகிறது.

இந்தக் கதவு திறந்ததும் முதலில் உள்ளே நுழைந்தவர்கள் இலக்கியவாதிகள் இல்லை. குடும்ப நாவல், காதல் நாவல் எழுதும் பெண்கள். இலக்கியக் கூட்டங்களில் இவர்களைப் பற்றிப் பேசமாட்டார்கள். ஆனால் சுயபதிப்பைத் தமிழில் தொழிலாகச் செய்து காட்டியவர்கள் இவர்கள்தான் என்பது என் எண்ணம். முதலில் இணையதளத்தில் தொடராக எழுதுவார்கள். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு யூடி, அதாவது அப்டேட். இரண்டு நாள் தள்ளிப்போனால், "சிஸ், அடுத்த யூடி எப்போ?" என்று வாசகிகள் வரிசை கட்டுவார்கள். கதை முடிந்ததும், "இன்னும் சில நாள்தான் இருக்கும், அதற்குள் படித்துவிடுங்கள்" என்று ஓர் அறிவிப்பு வரும். பிறகு தளத்திலிருந்து கதை மறைந்து கிண்டிலில் தோன்றும்.

அந்த மறைதலுக்குக் காரணம் உண்டு. சந்தா கட்டி எத்தனை புத்தகமும் படிக்கிற கிண்டில் அன்லிமிடெட் வாசகர்களுக்குப் புத்தகம் போய்ச் சேர வேண்டுமானால், எழுதியவர் அமேசானின் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளைக்கு மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. காகிதப் புத்தகத்துக்கு இந்தத் தடை இல்லை. இந்தியாவில் விற்கும் பிரதிக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றாலும் இதில் சேர்ந்தாக வேண்டும், இல்லாவிட்டால் 35தான். பதிப்பகங்கள் வழக்கமாகத் தருவது 10 சதவீதம், அதுவும் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். புரியும்.

அன்லிமிடெட்டில் காசு வருவது வாசகர் புரட்டும் பக்கத்துக்கு. அதுவும் அவர் முதல் முறை படிக்கும்போது மட்டும். அமேசான் மாதாமாதம் ஒதுக்குகிற தொகையைப் படிக்கப்பட்ட மொத்தப் பக்கங்களுக்குப் பங்கிடுவதால் பக்கத்துக்கு இவ்வளவு என்று நிலையான விலை கிடையாது. எப்படியும் பைசாக் கணக்குத்தான், ரூபாய்க் கணக்கு இல்லை. ஆகவே 600 பக்க நாவலை ஒரே இரவில் படித்து முடிக்கும் வாசகி இருந்தால் லாபம். 90 பக்கக் கவிதைத் தொகுப்பு என்றால் தேநீர்ச் செலவுக்குக்கூட வராது. நூலகத்தின் பாரக் கணக்கு இங்கே வேறு வேடத்தில் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். நாவல்கள் ஏன் இப்படி இழுக்கின்றன என்று புலம்புகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம். இத்தனை பாடுபட்டுப் போட்டதையும் யாரோ பிடிஎஃப் ஆக்கி டெலிகிராமில் விட்டுவிடுகிறார்கள் என்பது தனிச் சோகம்.

இனி உங்கள் 40,000 ரூபாய்க்கு வருவோம்.

எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தன் பள்ளிக்கூட அனுபவங்களை எழுதி, இதே மாதிரி ஒரு நிறுவனத்தில் பணம் கட்டினார். புத்தகம் வழவழப்பான அட்டையோடு வந்தது. திறந்த முதல் பக்கத்திலேயே "வாழ்த்துரை" என்பதில் ஒற்று விடுபட்டு "வாழ்துரை" என்று இருந்தது. உள்ளே சொல்ல வேண்டாம். சரி, அடுத்து அடிக்கும்போது திருத்திக்கொள்ளலாம் என்று என்னிடம் கொண்டுவந்தார். "மூலக் கோப்பு இருக்கிறதா சார்?" என்று கேட்டேன். "நான்தானே தம்பி எழுதினேன், எனக்குத் தராமல் யாருக்குத் தரப்போகிறார்கள்?" என்றார். தரவில்லை. வடிவமைத்த கோப்பு தங்களுடையது, திருத்த வேண்டுமென்றால் புதிதாகக் கட்டணம் என்று பதில் வந்தது. புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் யார் பெயரில் என்று பார்த்தேன். அந்த நிறுவனத்தின் பெயரில். பதிப்பாளர் என்று அச்சாகியிருந்ததும் அவர்கள் பெயரே. எழுதியவர் இவர், செலவு இவருடையது, பதிப்பாளர் மட்டும் அவர்கள்.

இதைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். சொந்தமாக வெளியிடுவது என்றால் பதிப்பாளர் வேலையையும் நீங்கள் ஏற்பது. பிழை திருத்துபவரை, அட்டை வரைபவரை, அச்சகத்தை நீங்கள் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருக்கும் தனியே பணம் கொடுத்து, கோப்புகளையும் உரிமையையும் உங்கள் கையில் வைத்துக்கொள்வது. மொத்தமாகப் பணம் கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பவர் பதிப்பாளர் இல்லை, வாடிக்கையாளர். அந்த நிறுவனத்தின் வருமானம் உங்களிடமிருந்து முன்கூட்டியே வந்துவிட்டதால் புத்தகம் விற்றாலும் விற்காவிட்டாலும் அவர்களுக்கு நஷ்டமில்லை. தரமாக வேலை செய்து கொடுக்கிற நிறுவனங்களும் இருக்கின்றன, எல்லாரையும் ஒரே தராசில் வைக்கவில்லை. மூலக் கோப்பு எனக்குத் தருவீர்களா, மெய்ப்பு எத்தனை முறை, யார் பார்ப்பார், ஐஎஸ்பிஎன் யார் பெயரில் என்று கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஐஎஸ்பிஎன்னுக்குப் பணம் கேட்டால் ஃபோனை வைத்துவிடலாம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது. தனி ஆளும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

உங்களுடையது சிறுகதைகள் என்பதால் என் யோசனை வேறு. 12-இல் நான்கைந்தையாவது முதலில் இதழ்களுக்கோ இணைய இதழ்களுக்கோ அனுப்புங்கள். உங்களைத் தெரியாத ஒருவர் படித்துவிட்டு, வேண்டும் அல்லது வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சுயபதிப்பில் காணாமல் போனவர் அந்த ஆள்தான். பதிப்பகங்களில்கூட எடிட்டர் அபூர்வம் என்பது வேறு விஷயம். 40,000 இருந்தால் அதில் கணிசமான பகுதியை ஒரு நல்ல எடிட்டருக்கும் மெய்ப்புக்கும் கொடுங்கள். அணிந்துரைக்காக யார் பின்னாலும் அலையாதீர்கள். 50 பிரதி மட்டும் பிஓடியில் அடியுங்கள். கிண்டிலிலும் போடுங்கள், பெரிதாக எதிர்பார்க்காமல்.

விற்பனைக்குத்தான் குறுக்குவழி இல்லை. கடையில் வைத்தால் 35 முதல் 40 சதவீதம் கழிவு கேட்பார்கள், பணம் மெதுவாகத்தான் வரும். சென்னைப் புத்தகக் காட்சியில் ஒரே ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு தனி அரங்கு எடுப்பது நடக்காது. தெரிந்த பதிப்பகத்தின் அரங்கில் ஓர் ஓரம் கேட்டு வாங்க வேண்டும். அங்கே வாசகருக்கு 10 சதவீதத் தள்ளுபடி வேறு உண்டு. அதையும் சேர்த்து விலை வையுங்கள்.

அப்புறம் ஒன்று, பலருக்குத் தெரியாது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலையும் 30 நாளுக்குள் பதிப்பாளர் தன் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட வேறு நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். பதிப்பாளர் நீங்கள் என்றால் அனுப்ப வேண்டியவரும் நீங்கள்தான். 50 பிரதிக்குக் கணக்குப் போடும்போது அவற்றை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.