மலையை நிரப்ப வேண்டாம்

அன்புள்ள சார்,

மகளின் கோடை விடுமுறைக்காக ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பீரங்கி விளையாட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். இடமும் வலமும் ஆளுக்கொரு டேங்க், நடுவே மலை, மாற்றி மாற்றிச் சுட வேண்டும். பிரவுசரில் படம் வரையும் பரப்பான கேன்வாஸ் 800க்கு 600 பிக்சல். சைன் அலையை வைத்து மலையின் விளிம்பைப் போட்டுவிட்டேன். அதற்குக் கீழே பச்சை நிரப்ப ஃப்ளட் ஃபில் (ஒரு புள்ளியில் தொடங்கி விளிம்புவரை நிறத்தைப் பரப்பும் முறை) எழுதினால், 'மேக்ஸிமம் கால் ஸ்டாக் சைஸ் எக்ஸீடட்' என்று நின்றுவிடுகிறது. ஆனால் அதே ஃபங்ஷன் ஒரு சின்னப் பெட்டியைச் சரியாக நிரப்பியது. குண்டு விழுந்து பள்ளமானால் என்ன செய்வது என்றும் புரியவில்லை. போதாததற்கு, மலை பாம்பு நெளிகிற மாதிரி இருக்கிறது என்கிறாள் மகள்.

க.

அன்புள்ள க.,

உங்கள் ஃபங்ஷனில் பிழை இல்லை. அது ஒரு பிக்சலுக்கு நிறம் கொடுத்துவிட்டு, அக்கம்பக்கத்து நான்கு பிக்சல்களுக்காகத் தன்னையே மறுபடி அழைக்கிறது. சின்னப் பெட்டியில் சில நூறு பிக்சல்கள் இருந்திருக்கும். உங்கள் திரையிலோ மொத்தம் 4,80,000. பாதிதான் மலை என்றாலும் 2,40,000. முடியாமல் நிற்கும் அழைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போக, பெரும்பாலும் பத்தாயிரம் சொச்சத்திலேயே பிரவுசர் கையை விரித்துவிடும். பார்க்க வேண்டிய பிக்சல்களை நீங்களே ஒரு அர்ரேயில், அதாவது பட்டியலில், வரிசையாகப் போட்டு எடுத்தால் இந்தப் பிழை போய்விடும். ஆனால் அந்த வேலையே வேண்டாம் என்பேன்.

நானும் இதில் மாட்டியவன்தான். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்த காலம். க்யூபேசிக் என்ற பழைய ப்ரோக்ராமிங் மொழியில் ஸ்க்ரீன் 12, அதாவது 640க்கு 480, பதினாறு நிறம். மலை விளிம்பைப் புள்ளி புள்ளியாக வைத்துவிட்டு, உள்ளே நிறம் நிரப்பும் பெயின்ட் கட்டளை கொடுத்தேன். பச்சை அடியிலிருந்து ஏறி வந்தது, செங்குத்தான ஒரு சரிவை எட்டியது, பொத்துக்கொண்டு வானம் முழுக்கப் பரவியது. அன்றைய காசு அதோடு தீர்ந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. 10ஆவது நெடுவரிசையில் புள்ளி மேலிருந்து எண்ணினால் 200இல் இருக்கிறது, 11ஆவதில் 203இல். இடையில் 201, 202 இரண்டும் காலி. 10ஆவதின் 201 மண்ணுக்குள் இருக்கிறது. அதற்கு வலப்பக்கம் 11ஆவதின் 201 வானம். நடுவில் சுவர் இல்லை. நிறம் அந்த ஓட்டை வழியே போய்விட்டது.

புள்ளிகளுக்குப் பதில் கோடு போட்டிருந்தால் ஒழுகியிருக்காது, சரி. ஆனால் அதைவிடப் பெரிய தவறு ஒன்று இருந்தது. மண் எங்கே ஆரம்பிக்கிறது என்று ப்ரோக்ராமுக்குத்தான் தெரியுமே, அதுதானே கணக்குப் போட்டது! அந்த எண்ணை வரைந்ததும் தூக்கிப் போட்டுவிட்டு, பிறகு திரையிடம் போய் 'இங்கே மண்ணா, வானமா' என்று பிக்சல் பிக்சலாக விசாரிக்கிறோம்.

எனவே 800 எண்கள் கொண்ட ஓர் அர்ரே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நெடுவரிசையிலும் தரை எந்த உயரத்தில் ஆரம்பிக்கிறது என்பது மட்டும் அதில் இருக்கட்டும். வரைவதற்கு ஒரே லூப்: தரையிலிருந்து திரையின் அடிவரை, ஒரு பிக்சல் அகலத்தில் ஒரு ஃபில்ரெக்ட் (நிறம் நிரப்பிய செவ்வகம் போடும் கட்டளை). மொத்தம் 800 அழைப்புகள். மேலே நான்கு பிக்சல் புல், கீழே மண் என்று இரண்டு நிறம் வேண்டுமென்றால் 1,600. வரையும்போது உயரத்தை முழு எண்ணாக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் விளிம்பு மங்கலாகத் தெரியும். குண்டு தரையில் பட்டதா என்று பார்க்கவும் கேன்வாஸைத் தொட வேண்டியதில்லை. அது இருக்கும் நெடுவரிசையின் எண்ணோடு ஒப்பிட்டால் போதும்.

இந்த 800ஐயும் விநாடிக்கு 60 முறை செய்ய வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கேன்வாஸில் ஒரு முறை வரைந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஃப்ரேமிலும் அதை அப்படியே எடுத்து ஒட்டுங்கள். குண்டு விழும்போது மட்டும் அதைத் திருத்தினால் போதும்.

அப்புறம் பள்ளம். கேன்வாஸில் உச்சி பூஜ்யம், கீழே போகப் போக எண் கூடும். அதை மனதில் வையுங்கள். குண்டு 400இல் வெடிக்கிறது, ஆரம் 30. மையத்திலிருந்து 18 தள்ளியிருக்கும் நெடுவரிசையை எடுத்துக்கொள்வோம். 30இன் வர்க்கம் 900இல் 18இன் வர்க்கம் 324 போக மீதி 576, அதன் வர்க்கமூலம் 24. ஆக அங்கே வட்டம் 376 முதல் 424 வரை. தரை 390இல் இருந்தால் 34 பிக்சல் மண் போகிறது, புதிய தரை 424. தரை 430இல் இருந்தால் வட்டம் அதைத் தொடவே இல்லை. தரை 350 என்றால்தான் வேடிக்கை. வட்டத்துக்கு மேலே 26 பிக்சல் மண் தொங்குகிறது. அது பொதபொதவென்று இறங்கியதாக வைத்துக்கொண்டு, தரையோடு 48ஐக் கூட்டி 398 ஆக்கிவிடுங்கள். மூன்றுக்கும் ஒரே கணக்குதான்: வட்டத்தின் உச்சி, தரை இரண்டில் எது பெரிய எண்ணோ அதை வட்டத்தின் அடியிலிருந்து கழியுங்கள். விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம். வந்ததைத் தரையோடு கூட்டுங்கள். பிறகு அந்த 61 நெடுவரிசைகளை மட்டும் அழித்து வரையுங்கள்.

இதில் குகை வராது. நெடுவரிசைக்கு ஒரே எண் என்பதால் மண்ணுக்கு நடுவே காற்று இருக்க வழியில்லை. 1995இல் வந்த வார்ம்ஸ் விளையாட்டு மாதிரி சுரங்கம் தோண்ட ஆசையென்றால், பிக்சலுக்கு ஒரு பைட் வீதம் 4,80,000 பைட் அர்ரேயும், வட்டமாக வெட்டி எடுக்க கேன்வாஸின் டெஸ்டினேஷன்-அவுட் முறையும் வேண்டும். பெரிய சுமையில்லை, ஆனால் மகள் கேட்கும்வரை தள்ளிப்போடுங்கள்.

பாம்பு நெளிவுக்கு, வெவ்வேறு நீளமுள்ள மூன்று சைன் அலைகளைக் கூட்டிப் பாருங்கள். அதுவும் பிடிக்காவிட்டால் நடுப்புள்ளியை நகர்த்தும் முறை இருக்கிறது: இரு முனைகளின் நடுவை ஏற்றியோ இறக்கியோ விட்டு, இரண்டு பாதிகளிலும் அதையே, ஒவ்வொரு சுற்றிலும் அளவைப் பாதியாக்கிச் செய்வது. 1,025 எண்கள் எடுத்துக்கொண்டால் பாதி பாதியாகச் சரியாகப் பிரியும். அதில் 800ஐ மட்டும் பயன்படுத்துங்கள்.

பள்ளம் விழுந்ததும் டேங்க்கையும் புதிய தரைக்கு இறக்கிவிட மறக்காதீர்கள். நான் மறந்தேன். அது அந்தரத்தில் நின்றபடி சுட்டுக்கொண்டிருந்தது.