கடிதம்: அம்மா, அது எங்க?

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்க எழுதறதெல்லாம் படிச்சுட்டு வர்றேனுங்க, கடிதம் எழுதறது இதுதான் மொதல் தடவ. நாங்க கோயம்புத்தூர்ல ரெண்டு பெட்ரூம் அபார்ட்மெண்ட்ல இருக்கோம். ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், பையன் எட்டாவது, பொண்ணு நாலாவது. மாமியார் போன வருஷம் தவறிட்டாங்க, அவங்க எவர்சில்வர், பித்தளைப் பாத்திரமெல்லாம் லாஃப்ட் நிறைய அப்படியே இருக்கு. வீட்ல எதை எடுத்தாலும் இன்னொண்ணு மேல வந்து விழுது. யூடியூப்ல பாத்து ஒரே மாதிரி டப்பாவா ஒரு செட் வாங்கி கிச்சன அடுக்குனேன், பத்து நாள் அழகா இருந்துச்சு, அப்புறம் பழையபடிதான். சனிக்கிழம பூராவும் இதுலயே போயிடுதுங்க. எதைத் தூக்கிப் போடறது, எதை வச்சுக்கறதுன்னு ஒரு வழி சொல்லுங்க. அத்தையோட பாத்திரத்த எடைக்குப் போட்டா தப்புங்களா? புத்தகத்த என்ன பண்றது? சில நேரம் எல்லாத்தையும் அள்ளிப் போட்டு போகியன்னிக்கு எரிச்சுடலாம்னு கூட தோணுது. எனக்கு வீட்ட ஒழுங்கா வச்சுக்கத் தெரியலையோன்னு ராத்திரில அழுகையா வருது. இத்தனைக்கும் எந்தப் பொருள் எங்க இருக்குன்னு வீட்ல எனக்கு மட்டுந்தான் தெரியும், மூணு பேரும் அது எங்க இது எங்கன்னு என்னைத்தான் கேக்கறாங்க.

பேர் போட வேண்டாமுங்க.

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

மொதல்ல அழறத நிறுத்துங்கம்மா. ரெண்டு பேர் வேலைக்குப் போற வீடு, வளர்ற ரெண்டு பிள்ளைங்க, அதுல ஒரு சாவு வேற நடந்திருக்கு, அந்த வீடு கலைஞ்சுதான் கெடக்கும். உங்களுக்குத் தெரியாம போச்சுன்னு யார் சொன்னது?

போகி பேச்ச மட்டும் விட்டுடுங்க. கோவத்துல சொன்னாக்கூட எனக்குப் பிடிக்கல. பழைய பாயும் துடைப்பமும் எரிஞ்ச காலம் வேற, இப்ப நாம எரிக்கிறது நைலான் பாய், பிளாஸ்டிக், ரெக்சின், டயர். 2018ல போகியன்னிக்கு சென்னைல புகை மூட்டத்துல விமானம் இறங்க முடியாம வேற ஊருக்குத் திருப்பி விட்டாங்க, கைக்குழந்தைங்க இருக்கற வீட்லல்லாம் அன்னிக்கு என்ன பாடு பட்டிருப்பாங்க. புத்தகம் பத்தி நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல, படிக்கிறவங்களுக்குக் குடுங்க, மிச்சத்த வச்சுக்கங்க. துணிய நல்லதா இருந்தா குடுங்க, நைஞ்சதா இருந்தா கைப்பிடித் துணியாக்குங்க, கிழிஞ்ச சேலைய தானம்னு ஒருத்தர் தலைல கட்டாதீங்க.

அத்தை பாத்திரம். நாத்தனார், கொழுந்தனார் யாராவது இருந்தா கூப்பிட்டுக் கேளுங்க, யாருக்கு எது வேணுமோ எடுத்துக்கட்டும், பேர் வெட்டின பாத்திரம்னா அவங்களுக்கும் அதுல உரிமை உண்டு. நீங்க தினம் பொழங்கற மாதிரி ரெண்டு மூணு கீழ எறக்கி வச்சுக்கங்க. பித்தளைல ஈயம் போயிருந்தா பூசாம புளிக்கொழம்பு கிழம்பு வைக்காதீங்க. மிச்சத்த பாத்திரக் கடைல குடுத்து எடைக்கு ஈடா ஏதாவது வாங்கிக்கலாம். தப்பே கிடையாது. அந்தம்மா பொழங்கறதுக்குத்தான் வாங்குனாங்க, லாஃப்ட்ல இருட்டுல கெடக்கறதுக்கு இல்ல.

இதெல்லாம் சும்மா. உங்க கடிதத்துல என்னை உக்கார வச்சது அந்தக் கடைசி வரி. எந்தப் பொருள் எங்க இருக்குன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும்னு எழுதிருக்கீங்க பாருங்க, அது. உங்க பிரச்சினை மொத்தமும் அதுதாம்மா, நீங்க என்னடான்னா அத போற போக்குல எழுதிட்டு டப்பாவப் பத்திக் கேக்கறீங்க.

எங்கம்மாவுக்கு பித்தப்பைல கல்லுன்னு திருச்சில ஒரு ஆஸ்பத்திரில சேத்து ஆபரேஷன் பண்ணுனோம். நான் கூட இருந்தேன், அப்பா வீட்ல தனியா. மறுநாள் காலைல ஃபோன் வருது, அப்பாவுக்குத் தன்னோட பிரஷர் மாத்திரை எங்க இருக்குன்னு தெரியல. அவரு தினம் முழுங்கற மாத்திரை. டம்ளர்ல தண்ணியோட அம்மா கைல கொண்டாந்து குடுத்துடும், இவரு வாங்கிப் போட்டுக்குவாரு, அத எங்கிருந்து எடுக்குதுன்னு அத்தனை வருஷத்துல ஒரு நாளும் பாத்ததில்ல. அம்மா மூக்குல ட்யூபோட, பேச முடியாமப் பேசி, சமையக்கட்டு மேல் தட்டுல இடது பக்கம், ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பின்னாடி மஞ்ச மூடி டப்பான்னு சொல்லுது. அவரு போய் ஹார்லிக்ஸ் பாட்டில்னு எழுதுனத எல்லாம் தொறந்து பாக்கறாரு, ஒண்ணுல சீரகம், ஒண்ணுல வெந்தயம், ஒண்ணுல அப்பளப்பூ. மறுபடி ஃபோன். மஞ்ச மூடி மாறிப் போச்சாம், இப்ப அதுல பச்ச மூடி போட்டிருக்காம், அதையும் அம்மாதான் ஞாபகம் வச்சுச் சொல்லுது. பக்கத்துக் கட்டில்ல இருந்த அம்மா சிரிச்சுக்கிட்டே, நீங்க இல்லன்னா உங்க வீடே ஓடாது போலன்னாங்க. எங்கம்மா முகத்துல அப்ப ஒரு பெருமை வந்துச்சு. எனக்கு அங்கயே கோவம் கோவமா வந்துச்சு, இப்பவும் வருது.

ஏன்னா அந்தப் பாராட்டுதான் பொறி. இவ இல்லன்னா இந்த வீடு ஓடாதுன்னு சொல்லிச் சொல்லியே ஒரு பொம்பளைய ஜுரத்துலயும் எழுந்திரிக்க வைக்கிறது. மத்திய அரசு 2024ல எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யற பெண்கள் ஒரு நாளைக்கு சராசரியா 289 நிமிஷம் அதுக்குச் செலவு பண்றாங்க, ஆண்கள் செய்யறவங்க 88 நிமிஷம்னு வந்துச்சு. அந்த 289 நிமிஷத்துல கூட ஞாபகம் வச்சுக்கற வேலை ஏறாது பாருங்க. கேஸ் எப்ப புக் பண்ணணும், பொண்ணுக்கு கலர் பென்சில் தீந்துச்சா, கத்தரிக்கோல் எங்க போச்சு, ஸ்டெபிலைசர் வாரண்டி கார்டு எந்தக் கவர்லன்னு ஆபீஸ்ல மீட்டிங்ல உக்காந்திருக்கும்போதும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கே, அத எந்தக் கணக்குல எழுதறது?

அதனாலதான் சொல்றேன், சாமானத் தூக்கிப் போட்டா மட்டும் வீடு லேசாகாது. பாதிய எடைக்குப் போட்டாலும் மீதிப் பாதி எங்க இருக்குன்னு நீங்க ஒருத்தர்தான சொல்லணும். நீங்க வாங்குனீங்களே ஒரே மாதிரி டப்பா, அது இத இன்னும் மோசமாக்கிடுச்சு. பாக்க அழகு, ஒத்துக்கறேன். ஆனா மூணு வரிசையா ஒரே மூடி, உள்ள என்னன்னு வெளிய தெரியாது, எழுத்தும் கிடையாது, உங்க வீட்டுக்காரருக்கோ பையனுக்கோ அது எல்லாமே ஒண்ணுதான், தொறந்து தொறந்து பாத்துட்டு எங்க வச்சமோன்னு தெரியாம கைல கெடச்ச எடத்துல வச்சுட்டுப் போயிடுவாங்க. பத்து நாள்ல கலைஞ்சதுக்குக் காரணம் உங்க சோம்பேறித்தனம் இல்லம்மா. அந்த அடுக்கு உங்க கண்ணுக்காக மட்டும் அடுக்குனது.

இத நான் கொஞ்ச நாளா வேற ஒரு பக்கத்துலருந்தும் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். முதல் உலகப்போருக்கு அப்புறம் ஜெர்மனில வீட்டுப் பஞ்சம், ஃப்ராங்க்ஃபர்ட் நகரத்துல ஆயிரக்கணக்குல சின்னச் சின்ன வீடா கட்டுனாங்க. 1926ல அந்த வீடுங்களுக்கு சமையலறை வடிவமைச்சவங்க ஆஸ்திரியாக்காரப் பொண்ணு, மார்கரேட்டெ ஷூட்டெ-லிஹோட்ஸ்கி, அப்ப முப்பது வயசு கூட ஆகல. சுமாரா 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், அவ்வளவுதான் எடம். ரயில்ல சாப்பாட்டுப் பெட்டி இருக்குல்ல, அதுல சமைக்கிற எடம் எவ்வளவு சின்னதுன்னு பாத்து, எந்த வேலைக்கு எத்தனை அடி நடக்கணும், எவ்வளவு நேரம் ஆகும்னெல்லாம் கணக்குப் போட்டு வரைஞ்சாங்க. உக்காந்து காய் நறுக்க ஸ்டூல், அரிசி சர்க்கரை எல்லாத்துக்கும் கைப்பிடியோட அலுமினிய அறைங்க, ஒவ்வொண்ணுலயும் உள்ள என்னன்னு பேர் பொறிச்சிருக்கும். மாவுக்கு மட்டும் ஓக் மரத்துல அறை, புழு வராதுன்னு. கிட்டத்தட்ட 10,000 வீட்ல போட்டாங்க, இன்னிக்கு நாம மாடுலர் கிச்சன்னு சொல்றதுக்கெல்லாம் ஆத்தா அதுதான். நான் அதுவரைக்கும் சமைச்சதே இல்லன்னு அவங்களே பின்னாடி சொல்லிருக்காங்க. ஹிட்லர எதுத்து சிறைக்குப் போனவங்க, 2000த்துல நூறு வயசத் தாண்டித்தான் எறந்தாங்க. எனக்கு ரொம்ப மரியாதை அவங்க மேல.

ஆனா அந்த சமையலறைல ரெண்டு பேர் நிக்க முடியாது! பின்னாடி வந்த பெண்ணியவாதிங்க அதத்தான் கேட்டாங்க, வேலைய லேசாக்கறேன்னு சொல்லி ஒருத்திய மட்டும் உள்ள வச்சுக் கதவ சாத்திட்டீங்களேன்னு. நம்ம பில்டருங்க கட்டற கிச்சனப் பாருங்க, அதே கததான். ஒருத்தர் அடுப்புப் பக்கம் நின்னா இன்னொருத்தர் ஃப்ரிட்ஜத் தொறக்க ஒதுங்கணும், நீங்க கொஞ்சம் வெளிய இருங்கன்னு நாமளே சொல்லிடறோம், அப்படியே அவங்க வெளியவே இருந்துடறாங்க. அந்தம்மா பேர் பொறிச்ச அறை வச்சாங்களே, அதையாவது நாம எடுத்துக்கிட்டோமா, அதுவும் இல்ல.

சரி, பேர் எழுதுங்க. அழகா எழுதணும்னு இல்ல, கடைல மாஸ்கிங் டேப் கெடைக்கும், ஒரு மார்க்கர் வாங்கிக்கங்க. டப்பா மேல மட்டுமில்ல, எந்தத் தட்டுல எது இருக்கணுமோ அந்தத் தட்டு விளிம்புலயும் ஒட்டுங்க, அப்பத்தான் எடுத்தவங்க அங்கயே திருப்பி வைப்பாங்க. தினம் எடுக்கறது எல்லாம் இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவுல இருக்கட்டும், ஸ்டூல் போட்டு ஏறி எடுக்கற எடத்துல வருஷத்துக்கு ஒரு தடவ வேணுங்கறது போதும், வயசான காலத்துல ஸ்டூல்லருந்து விழுந்து இடுப்பொடிஞ்சவங்கள நம்ம சொந்தத்துலயே பாக்கறோமே. ஸ்கூல் பேக் மாட்ட ஆணி உங்க பொண்ணு கை எட்டற ஒசரத்துல அடிங்க, உங்க ஒசரத்துல அடிச்சுட்டு அவ கீழ போடறான்னு திட்டாதீங்க. மாத்திரைக்கு ஒரே ஒரு டப்பா, ஹால்ல, எல்லாருக்கும் தெரியற எடத்துல. அப்புறம் ஒரு நாள் நீங்க கட்டில்ல சாஞ்சுக்கிட்டு பையன டீ போடச் சொல்லுங்க, அவன் உங்கள ஒரு கேள்வியும் கேக்காம போட்டுக் கொண்டாந்துட்டான்னா வீடு ஒழுங்கா இருக்குன்னு அர்த்தம். மேல ரெண்டு துணி கெடந்தாலும் பரவால்ல.

அம்மா அது எங்கன்னு கேட்டா உடனே சொல்லாதீங்க. இது உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், எனக்குத் தெரியும், சொல்லிட்டா அஞ்சு செகண்ட்ல முடிஞ்சுடும், சொல்லலன்னா அவன் அலமாரிய கலைப்பான். கலைக்கட்டும். ஆபீஸ்ல எந்த ஃபோல்டருக்குள்ள எந்த ஃபைல் இருக்குன்னு ராத்திரி எழுப்பிக் கேட்டாலும் சொல்ற மனுஷன், சொந்த வீட்ல கடுகு டப்பாவ ஒரு வாரத்துல கத்துக்குவாரு. கத்துக்கலன்னா அது ஞாபக மறதி இல்லம்மா, அவருக்கு அது அவசியப்படலன்னு அர்த்தம். அவசியப்படுத்துங்க.

இன்னொரு பக்கமும் உண்டு, அத விட்டுட்டா அநியாயமாயிடும். கிச்சன் அம்மா மண்டைல இருந்த மாதிரி, காகிதம் பூராவும் எங்கப்பா மண்டைல இருந்துச்சு. அவர் போனப்புறம் பீரோவத் தொறந்தா கவருக்குள்ள கவர், அதுக்குள்ள ஒரு பேங்க் பாஸ்புக், அவரு எப்பவோ மாத்தலாகிப் போயிருந்த ஊர்க் கிளையில போட்ட டெபாசிட். நாமினியும் போடல. இப்படி ஒண்ணு இருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையேன்னு அம்மா அந்தப் புத்தகத்த வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்துச்சு. பணத்துக்காக இல்ல, அத்தனை வருஷம் கூட வாழ்ந்ததுக்கு. 10 வருஷம் யாரும் தொடாத கணக்குல இருக்கற பணத்த பேங்குங்க ரிசர்வ் வங்கியோட தனி நிதிக்கு அனுப்பிடுவாங்க, 2014லருந்து அப்படி ஒரு நிதி இருக்கு. உரிமைக்காரங்க பின்னாடி வந்தாலும் கேட்டு வாங்கிக்கலாம், அப்படிக் கெடக்கற பணத்த தேடிப் பாக்க 2023ல உத்கம்னு ஒரு இணையதளம் கூட திறந்திருக்காங்க. அப்படி ஒண்ணு தேவைப்படற அளவுக்கு நம்ம வீடுங்கள்ல ஒருத்தருக்குத் தெரிஞ்சது இன்னொருத்தருக்குத் தெரியாம இருக்கு.

அதனால இந்த சனிக்கிழம லாஃப்ட் பக்கம் போகாதீங்க. பாத்திரம் எங்கயும் ஓடிடாது. காலைல சாப்பிட்டுட்டு நாலு பேரும் ஹால்ல உக்காருங்க, உங்க வீட்டுக்காரர் பீரோல இருக்கற காகிதத்தை எல்லாம் எடுத்துக் கீழ போடட்டும், பத்திரம், இன்சூரன்ஸ், பேங்க், ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் ஒரே ஃபைல்ல, ஒவ்வொண்ணுலயும் நாமினி யாருன்னு பாத்து எழுதிக்கங்க. அது முடிஞ்சதும் கிச்சன். நீங்க ஒரு நாற்காலியப் போட்டு வெளிய உக்காந்து சொல்லுங்க, மார்க்கர் பையன் கைல இருக்கட்டும், டேப்ப வீட்டுக்காரர் ஒட்டட்டும். பொண்ணுதான் ஆசையா ஓடி வரும், நான் பண்றேம்மா நான் பண்றேம்மான்னு. அவள உங்க மடில உக்கார வச்சுக்கங்க.