வீட்டில் வளர்த்த சேவலை அறுக்கக் கற்றுக்கொள்வது எப்படி?

கேள்வி: மணலியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். ஆறு மாதச் சேவல்கள் நான்கு ஒன்றையொன்று கொத்திக் காயப்படுத்துகின்றன. அவற்றைக் கறிக்கு நானே அறுக்க விரும்புகிறேன். மீன் வெட்டிப் பழக்கமுண்டு, கோழி அறுத்ததில்லை. எப்படித் தொடங்குவது?

பதில்: மீன் வெட்டிய கை என்பதால் கத்தி உங்களுக்குப் புதிதன்று, உயிருள்ள பறவையைப் பதற்றமில்லாமல் பிடிப்பதுதான் புதிது. ஆகவே முதல் சேவலைத் தனியாக அறுக்க முயலாமல், பழகியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, அவர் ஒன்றை அறுப்பதைப் பார்த்த பிறகு அடுத்ததை நீங்கள் எடுங்கள். அரிவாள்மனை இதற்கு உதவாது. சாணை பிடித்த சிறிய, மெல்லிய கத்தி வேண்டும்.

முந்தைய இரவே சேவலைத் தனிக்கூண்டில் அடைத்து, 8 முதல் 12 மணி நேரம் தீனியை நிறுத்தி, தண்ணீரை மட்டும் வையுங்கள். இரைப்பையும் குடலும் காலியாக இருந்தால், சுத்தம் செய்யும்போது கறியில் கழிவு படாது. சோர்ந்து உறங்கும், வெள்ளையாகவோ பச்சையாகவோ கழியும், கழுத்தைத் திருகிக்கொள்ளும் கோழியை அறுக்கவே கூடாது. அதை மற்றவற்றிலிருந்து பிரித்துவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். மாதவரம் பால்பண்ணையிலுள்ள கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையமும் உங்களுக்குத் தொலைவில்லை. மருந்து கொடுத்த கோழியானால், அம்மருந்துக்குரிய விலக்குக் காலம், அதாவது மருந்தின் எச்சம் கறியிலிருந்து நீங்குவதற்கான நாட்கள், முடியும்வரை காத்திருங்கள்.

கோழிக்கடைகளில் கழுத்தை அறுத்தவுடன் டிரம்முக்குள் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதை நான் ஏற்பதில்லை. பறவை அடித்துக்கொண்டு இறக்கை முறிகிறது, சதையில் ரத்தம் கட்டுகிறது. அதற்குப் பதிலாக, 5 லிட்டர் எண்ணெய் கேனின் அடியை வெட்டியெடுத்து, வாயைத் தலை நுழையுமளவுக்கு அகலப்படுத்தி, கவிழ்த்துச் சுவரில் கட்டிவிடுங்கள். சேவலைத் தலைகீழாக அதற்குள் இறக்கினால் இறக்கைகள் உடலோடு ஒட்டி நிற்க, அது சற்று நேரத்தில் அடங்கிவிடும். இடக்கையால் தலையைப் பிடித்து, தாடைக்குச் சற்றுக் கீழே, கழுத்தின் இருபுறத்து ரத்தக் குழாய்களும் அறுபடுமாறு, தயங்காமல் ஒரே இழுப்பாக அழுத்தி இழுங்கள். பாதி அறுத்து நிறுத்துவதுதான் பெரிய வதை. நினைவு போன பின்னும் உடல் துடிக்கும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். இரண்டு, மூன்று நிமிடம் ரத்தம் வடிந்து, மூச்சு நின்று, கண்ணைத் தொட்டாலும் இமை அசையவில்லை என்று உறுதியான பிறகே வெந்நீரில் இடுங்கள்.

கொதிநீரும் குழாய்நீரும் சரிபாதி கலந்தால் ஏறத்தாழ 60 டிகிரிக்கு வரும். அதில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை முக்கி, வால் இறகு எளிதில் கழன்றதும் எடுங்கள். சூடோ நேரமோ கூடினால் தோல் கிழியும். பிறகு மஞ்சள் தடவி அனலில் வாட்டலாம். குடலை எடுக்கும்போது ஆசனவாயைச் சுற்றி மேலோட்டமாகக் கீறி, கையைவிட்டு மொத்தமாக இழுக்க வேண்டும். ஈரலோடு ஒட்டிய பச்சைப் பித்தப்பை உடைந்தால் பட்ட இடமெல்லாம் கசக்கும். ஈரலில் வெள்ளைப் புள்ளிகளோ கட்டிகளோ தெரிந்தால் அந்தக் கோழியை உண்ண வேண்டாம்.

கறியைக் கழுவி உடனே குளிரவைத்து, சில மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்த பிறகு சமைத்தால், விறைப்புத் தளர்ந்து மென்மையாகும். ரத்தத்தையும் குடலையும் மாடி வடிகாலிலோ பக்கிங்காம் கால்வாயிலோ விடாதீர்கள். மண் இருக்கும் இடத்தில், நாய் தோண்டாத ஆழத்தில், சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.