‘கேஸ் ட்ரபிள்’ என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்

அன்புத் தங்கைக்கு,

இங்கிலாந்தில் ரெடிங்குக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, அதில் ஐந்து மாதமாக மாலையானால் வயிறு கல் மாதிரி உப்பிவிடுகிறது, அடிவயிறு கனத்து இழுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். குடும்ப டாக்டரான ஜி.பி.யிடம் போனில் பேசியதற்கு ஐ.பி.எஸ். என்கிற குடல் கோளாறாக இருக்கலாம், பாராசிட்டமால் போடுங்கள் என்றார்களாம். டிசம்பரில் ஊருக்குப் போகும்போது சென்னையில் முழு ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாமா, அதுவரை சமாளிக்கலாமா என்பது உங்கள் கேள்வி. வயது 34, பீரியட்ஸ் வலி பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு என்றும் சொல்லியிருக்கிறீர்கள்.

டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம். நான் டாக்டர் இல்லை. ஆனால் இதே தப்பை நான் செய்து ஒரு வருடத்தைத் தொலைத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2014இல் எனக்கு 46 வயது. இங்கே வந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. வயிறு உப்பலாகவே இருக்கும், இரண்டு கரண்டி சாதத்துக்கே போதும் என்றாகிவிடும். ஜி.பி.யிடம் போய் ‘கேஸ் ட்ரபிள்’ என்றேன். அசிடிட்டி மாத்திரை கொடுத்தார்கள். மறுபடி போய் ‘கேஸ் ட்ரபிள் இன்னும் போகவில்லை’ என்றேன். பெப்பர்மின்ட் எண்ணெய் கேப்சூல் கொடுத்தார்கள். சரி, ஊருக்குப் போய் திருச்சியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மகளுக்குப் பரீட்சை வந்தது, ஊர்ப் பயணம் தள்ளிப்போனது. அந்தத் தீபாவளிக்குப் புடவை கட்டும்போது பாவாடை நாடாவை முடிச்சுப் போட முனை எட்டவில்லை. அதே நேரம் கைவளையல் முழங்கை வரை ஏறுகிறது. கை மெலிந்து வயிறு மட்டும் பெருத்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

மூன்றாவது முறை போனபோது இருந்தவர் ஒரு இளம் டாக்டர், பெண். நான் வழக்கம்போல ‘கேஸ்’ என்று ஆரம்பித்தேன். ‘எங்கே என்று கையை வைத்துக் காட்டுங்கள்’ என்றார். தொப்புளுக்குக் கீழே, கொஞ்சம் இடப்பக்கமாக வைத்தேன். மாதத்தில் எத்தனை நாள் இப்படி இருக்கிறது, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறதா, சிறுநீருக்கு அடிக்கடி ஓட வேண்டியிருக்கிறதா என்று கேட்டார். மூன்றுக்கும் நான் சொன்ன பதிலை எழுதிக்கொண்டு, அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்தார். இடது சினைப்பையில் 11 சென்டிமீட்டர் கட்டி. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ஆய்வக முடிவு வரும்வரை தூக்கம் இல்லை. சாதாரணக் கட்டிதான், புற்று இல்லை என்று வந்தது.

முதல் இரண்டு டாக்டர்களும் அந்தக் கேள்விகளைக் கேட்டிருக்க வேண்டும், அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. ஆனால் நான் வாயிலிருந்து எடுத்துக் கொடுத்த சொல்லும் அவர்களை வேறு வழியில் அனுப்பியது. நம் ஊரில் கேஸ் என்றால் நெஞ்சுக் குத்தலிலிருந்து முதுகுப் பிடிப்பு வரை எல்லாம் அதில் அடக்கம். இங்கே டாக்டர் காதில் அது வெறும் செரிமானக் கோளாறு. அடிவயிறு, கர்ப்பப்பை, பீரியட்ஸ் என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு நாம் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறோம். நீங்கள் ‘ப்ளோட்டிங்’ (வயிறு உப்பல்), ‘பெல்விக் பெயின்’ (அடிவயிற்று வலி) என்றே சொல்லுங்கள். எத்தனை மாதமாக, மாதத்துக்கு எத்தனை நாள் என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள்.

எண்ணிக்கைக்குக் காரணம் இருக்கிறது. இங்கே டாக்டர்கள் பின்பற்றும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் 2011இலேயே இதைச் சொல்லிவிட்டது. வயிறு உப்புதல், சீக்கிரம் வயிறு நிறைதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர், இவற்றில் ஏதாவது விடாமல் இருந்தால், குறிப்பாக மாதத்தில் 12 தடவைக்கு மேல் வந்தால், சினைப்பைப் புற்றை மனதில் வைத்துப் பரிசோதிக்க வேண்டும். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்த வயதில் முதல்முறையாக ஐ.பி.எஸ். வருவது அரிது. முதலில் சி.ஏ.125 என்ற ரத்தப் பரிசோதனை, அதன் அளவு கூடுதலாக இருந்தால் ஸ்கேன். பயப்படாதீர்கள், எண்டோமெட்ரியோசிஸ் (இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்), ஃபைப்ராய்டு என்கிற கர்ப்பப்பைச் சாதாரணக் கட்டி, ஏன் சாதாரண பீரியட்ஸ் நாளில்கூட அந்த அளவு ஏறும். 34 வயதில் புற்று குறைவு. நான் இதைச் சொல்வது, நீங்கள் அந்த எண்ணிக்கையோடு போனால் அவர்கள் தட்டிக்கழிப்பது கஷ்டம் என்பதற்காக.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது பள்ளிக்கூட நாளிலிருந்து வரும் பீரியட்ஸ் வலி. ‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும், குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்’ என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லியே அதை இயல்பாக்கிவிட்டார்கள். கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். பத்துப் பெண்களில் ஒருவருக்கு இருக்கிறது. வயிறு உப்புவதும் அதன் அறிகுறி. எண்டோமெட்ரியோசிஸ் யூ.கே. அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, இந்த நாட்டில் ஒரு பெண்ணுக்கு இது என்று கண்டுபிடிக்கச் சராசரியாக 8 வருடம் 10 மாதம் ஆகிறது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இதே கதிதான், ஆகவே புதிதாக வந்ததால்தான் தட்டிவிட்டார்கள் என்று மனசு ஒடிய வேண்டாம். முக்கியமாக, ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று ஆகாது. அதனால் அதோடு நிறுத்தாமல் கைனகாலஜிஸ்டிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

இன்று ராத்திரியிலிருந்து ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். தேதி, உப்பல் இருந்ததா, வலி எங்கே, பீரியட்ஸ் எத்தனையாவது நாள், மலம் கழிக்கும்போதோ தாம்பத்தியத்தின்போதோ வலித்ததா. கடைசியாகச் சொன்னதை எழுதத் தயங்குவீர்கள் என்று தெரியும், ஆனால் டாக்டருக்கு அதுதான் பெரிய தடயம். எழுதி முடிக்கும்வரை காத்திருக்காமல் அப்பாயின்ட்மென்ட்டை இப்போதே போடுங்கள். பெரும்பாலான சர்ஜரிகளில் ஆன்லைன் படிவம் உண்டு, போனில் தடுமாறுவதைவிட அதில் நிதானமாக எழுதலாம். (சர்ஜரி என்றதும் ஆபரேஷன் என்று நினைக்காதீர்கள், இங்கே ஜி.பி. கிளினிக்குக்கே அதுதான் பெயர்.) நேரில் பார்க்க வேண்டும், பெண் டாக்டர் வேண்டும், டபுள் அப்பாயின்ட்மென்ட் வேண்டும் என்று கேளுங்கள். ஒற்றை அப்பாயின்ட்மென்ட் பத்து நிமிடம்தான், உங்கள் கதைக்கு அது போதாது. ஆங்கிலம் திணறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகவே ஏற்பாடு செய்வார்கள், முன்கூட்டியே சொல்ல வேண்டும். உங்கள் கணவர் நல்லவராகவே இருக்கட்டும், உங்களுக்காக அவர் பேச வேண்டாம். அவர் பக்கத்தில் இருக்கும்போது நீங்கள் பாதியை விழுங்கிவிடுவீர்கள்.

இதையெல்லாம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. விசா எடுக்கும்போது இங்குள்ள அரசு மருத்துவத்துக்காக ஹெல்த் சர்சார்ஜ் என்று வருடத்துக்கு 1,035 பவுண்டு உங்கள் பெயரிலும் கட்டியிருப்பீர்கள். இதே தொல்லைக்காக மூன்றாவது முறை போக நேர்ந்தால் ‘ஜெஸ்ஸஸ் ரூல்’ என்று ஞாபகப்படுத்துங்கள். ஒரே பிரச்சினையோடு மூன்று முறை வந்தால் டாக்டர் முதலிலிருந்து யோசிக்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் இங்கிலாந்தில் கொண்டுவந்தார்கள். நான் அலைந்த காலத்தில் அது கிடையாது.

ஸ்கேனைப் பற்றி யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். முதலில் மூத்திரப்பை நிறையத் தண்ணீர் குடித்துப் போகச் சொல்வார்கள், வயிற்றின் மேல் பார்ப்பார்கள். பிறகு பாத்ரூம் போய்வரச் சொல்லி, பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் இன்டர்னல் ஸ்கேன் செய்யலாமா என்று கேட்பார்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் செய்யமாட்டார்கள். கூட ஒரு பெண் ஊழியர் நிற்க வேண்டும் என்று கேட்கலாம், அவரை ஷாப்பரோன் என்பார்கள். இடையில் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்திவிடுவார்கள். நம் ஊர் மாதிரி படத்தைக் கையில் கொடுத்து அங்கேயே விளக்கம் சொல்வதை எதிர்பார்க்காதீர்கள். எடுத்தவர் முகத்தைப் பார்த்து நான் பாதி உயிராகிப்போனேன், அவர் வழக்கமாகவே அப்படித்தான் இருப்பாராம். ரிப்போர்ட் ஜி.பி.க்குப் போகும். தகவல் வராவிட்டால் எல்லாம் நல்லது என்று எண்ணிச் சும்மா இருக்காமல் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். அப்புறம், ஸ்மியர் டெஸ்ட் நார்மல் என்பதால் சினைப்பையும் நார்மல் என்று ஆகாது. அது கர்ப்பப்பை வாயை மட்டும் பார்ப்பது.

குடலிலும் காரணம் இருக்கலாம், அதையும் ஒதுக்க வேண்டாம். ஐ.பி.எஸ். என்று முடிவு செய்யும் முன், கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அதுவரை சப்பாத்தி, பிரெட்டை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் பரிசோதனை தப்பாக வரும். சீலியாக் என்று வந்தால் பெருங்காயத்தைக்கூடப் பார்க்க வேண்டும், கடையில் விற்கும் பெரும்பாலான கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கிறது.

சென்னை ஸ்கேன் வேண்டவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அங்கே ஒரே நாளில் முடியும், அதன் நிம்மதி எனக்குத் தெரியும். எடுத்தால் ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில் வாங்கி இங்கே ஜி.பி.யிடம் கொடுங்கள். ஆனால் எதையாவது கண்டுபிடித்தால் ஆபரேஷன், மறுபரிசோதனை எல்லாம் நீங்கள் வாழும் ஊரில்தான் நடக்க வேண்டும். இங்கே ஃபைல் இப்போதே நகரத் தொடங்கினால்தான் அப்போது வரிசையில் இருப்பீர்கள். கைனகாலஜி வரிசை மிக நீளம்.

திடீரென்று தாங்கமுடியாத வலி, காய்ச்சலோடு வலி, மயக்கம் என்றால் எந்த அப்பாயின்ட்மென்ட்டுக்கும் காத்திருக்காதீர்கள். பீரியட்ஸ் தள்ளிப்போய் ஒரு பக்கம் வலித்தாலும் அப்படித்தான். மருத்துவ உதவி எண் 111ஐ அழையுங்கள், நிலைமை மோசமானால் ஆம்புலன்சுக்கு 999 அல்லது நேராக ஏ அண்ட் ஈ என்கிற அவசர சிகிச்சைப் பிரிவு.

நான் ஸ்லவ்வில் இருக்கிறேன், ரெடிங்குக்கு ரயிலில் சீக்கிரம் வந்துவிடலாம். வியாழக்கிழமை எனக்கு வேலை இல்லை. அந்த நாளில் அப்பாயின்ட்மென்ட் கிடைத்தால் எழுதுங்கள், நோட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.