படத்தில் 266, கோப்பில் 282: எது மெய்?

உறுப்பின் வலிமையைக் கணினியில் சோதிக்கும் சிமுலேஷன் முடிந்ததும் என்ன செய்கிறீர்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே முறையீடுதான். கணக்கு ஓடிவிட்டது, வண்ணப் படமும் வந்துவிட்டது, எண்களை வெளியே எடுத்ததும் குழப்பம். எனக்கு இதில் வியப்பில்லை. ஓசூரில் வாகன உறுப்புகளின் வலிமைக் கணக்கிலேயே இருபத்தாறு ஆண்டுகள் இருந்தேன். கணக்கில் தவறியதைவிட, முடிந்த கணக்கிலிருந்து எண்களை அள்ளும்போது தவறியதுதான் என்னை அதிகம் தலைகுனிய வைத்திருக்கிறது. அவற்றில் இரண்டைக் கீழே ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: அபாகஸ் என்ற வலிமைக் கணக்கு மென்பொருளில், என்ஜினைத் தாங்கும் பிராக்கெட் ஒன்றை ஆராய்ந்தேன். வண்ணப் படத்தில் உச்சத் தகைவு (பரப்பளவுக்கான உள்விசை) 266 மெகாபாஸ்கல். அறிக்கைக் கோப்பாக எடுத்தால் 260 வருகிறது. கோப்பு எடுக்கும் சாளரத்தில் ஒரு தேர்வை மாற்றினால் 282 ஆகிறது. மூன்றில் எது சரி என்று மேலாளர் கேட்கிறார். மென்பொருளில் பிழையா?
— வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: பிழை இல்லை. மூன்றும் ஒரே கணக்கின் எண்கள்தாம். நீங்கள் மாற்றிய தேர்வு, எண்ணை எந்த இடத்தில் படிப்பது என்பதைச் சொல்வது.

இந்த மென்பொருள்கள் உறுப்பை எலிமெண்ட் என்ற சிறு துண்டுகளாகப் பிரிக்கும். துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் புள்ளிகள் நோடுகள், மொத்த வலை மெஷ். அவை நேரடியாகத் தீர்ப்பது நோடுகளின் இடப்பெயர்ச்சியை மட்டுமே. தகைவு, அதாவது ஸ்ட்ரெஸ், அதிலிருந்து பிறகு கணக்கிடப்படுகிறது. அதுவும் நோடில் அல்ல, எலிமெண்டின் உள்ளே கணக்கிடுவதற்கென்றே குறித்த காஸ் புள்ளிகளில். உங்கள் எண்களை வைத்தே காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். எளிமைக்காக ஒரே திசைத் தகைவை எடுத்துக்கொள்கிறேன். ஓர் எலிமெண்டின் நடுவை 0 என்றும் இரு ஓரங்களை −1, +1 என்றும் வைத்தால், இரண்டு காஸ் புள்ளிகள் −0.577, +0.577 ஆகிய இடங்களில் இருக்கும். ஒன்றில் 200, மற்றொன்றில் 260 என்று கொள்ளுங்கள். நடுவில் 230. ஒரு பக்கத்து ஏற்றம் 30 வகுத்தல் 0.577, அதாவது 52. அதே சாய்வில் ஓரம் வரை நீட்டினால் 230 கூட்டல் 52, உங்கள் 282. அதே நோடைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்து எலிமெண்ட், தன் பங்குக்கு நீட்டி 250 என்கிறது. இரண்டின் சராசரி 266.

ஆக, 260 உள்ளே கணக்கிட்டது, 282 ஓர் எலிமெண்ட் தனியாக ஓரத்துக்கு நீட்டியது, 266 அண்டை வீட்டாரோடு சமரசம் செய்துகொண்டது. படம் அந்தச் சமரசத்தைத்தான் காட்டுகிறது. அபாகஸ் படம் வரையும்போது, ஒரு நோடில் சேரும் மதிப்புகளுக்கு இடையிலான வேறுபாடு அந்தப் பகுதியின் மொத்த வீச்சில் 75 சதவீதத்துக்குள் இருந்தால் சராசரி எடுத்துவிடும். அந்த 75 நீங்கள் வைத்தது அல்ல. மென்பொருள் தானாக வைத்திருப்பது. ஆறு தகைவுக் கூறுகளையும் முதலில் சராசரியாக்கிப் பிறகு வான் மைசஸ் (ஆறையும் ஒரே எண்ணாகச் சுருக்கும் தகைவு) கணக்கிடுவதா, வான் மைசஸைக் கணக்கிட்டுப் பிறகு சராசரி எடுப்பதா என்பதற்கும் தனித் தேர்வு உண்டு. இரண்டும் ஒரே விடையைத் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மேலாளருக்கு 266 என்று எழுதுங்கள். பக்கத்திலேயே "நோடு சராசரி, சராசரிக்கு முன் 250 முதல் 282 வரை" என்றும் எழுதுங்கள். ஒரே புள்ளியில் இரண்டு எலிமெண்டுகள் 32 மெகாபாஸ்கல் வேறுபட்டுப் பேசினால் அங்கே மெஷ் போதவில்லை. அந்த இடத்தை மட்டும் பாதியாக நறுக்கி மீண்டும் ஓட்டுங்கள். இடைவெளி சுருங்கினால் நல்லது. உச்சம் ஏறிக்கொண்டே போனால், பிராக்கெட்டின் உள்மூலையை வளைவு இல்லாமல் கூராக வரைந்திருக்கிறீர்கள். கூரான உள்மூலையில் கோட்பாட்டின்படியே தகைவுக்கு எல்லை கிடையாது. எத்தனை முறை நறுக்கினாலும் அது ஏறும்.

கேள்வி: எண்களெல்லாம் எதற்கு? வண்ணப் படத்தை அறிக்கையில் ஒட்டினால் போதாதா?
— வாசகி, சென்னை

பதில்: இரண்டு வடிவமைப்புகளின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதில் சிவப்பு குறைவு" என்று ஒருவர் விளக்கியதைக் கேட்டிருக்கிறேன். இரண்டு படங்களின் வண்ண அளவுகோல்களும் வேறு வேறு. போதாது.

கேள்வி: அன்சிஸ் மெக்கானிக்கல் என்ற இன்னொரு மென்பொருளில் முடிவை உரைக்கோப்பாக ஏற்றுமதி செய்தால் நோடு எண்ணும் தகைவும் மட்டும் வருகின்றன. அந்த நோடு எங்கே இருக்கிறது என்பது வரவில்லையே?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: விருப்பங்கள் சாளரத்தில் ஏற்றுமதி என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே நோடின் இடத்தையும் சேர்க்கச் சொல்லும் தேர்வை இயக்குங்கள். எக்ஸ், ஒய், இசட் மூன்றும் வந்துவிடும். ஒரு நிமிட வேலை. ஆனால் அது ஏன் தேவை என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது ஆண்டு. ஒரு சஸ்பென்ஷன் கையின் இரண்டு வடிவங்களை ஒப்பிடச் சொன்னார்கள். முதல் வடிவத்தில் நோடு 4417-இல் உச்சம். இரண்டாவது வடிவத்தின் கோப்பைத் திறந்து அதே 4417-ஐத் தேடினேன். தகைவு பாதியாகக் குறைந்திருந்தது. மகிழ்ச்சியோடு ஒரு பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தேன். மெஷ் புதிதாகப் போட்டதால் எண்கள் எல்லாம் இடம் மாறியிருந்தன. புதிய 4417 கையின் மறுகோடியில், சுமையே படாத இடத்தில் உட்கார்ந்திருந்தது. கண்டுபிடித்தவர் என் மூத்த பொறியாளர். அவர் திட்டவில்லை. "வீடு மாறினவர்களுக்குப் பழைய கதவு எண்ணுக்குக் கடிதம் போடுகிறாய் அம்மா" என்றார். திட்டியிருந்தால் இவ்வளவு நாள் நினைவிருக்காது.

கேள்வி: 14 லட்சம் வரிகள் கொண்ட சி.எஸ்.வி. (காற்புள்ளியால் பிரித்த உரை) கோப்பை எக்செல் முழுதாகத் திறக்க மறுக்கிறது. என்ன வழி?
— வாசகர், ஒரகடம்

பதில்: எக்செல் தாளில் 10,48,576 வரிகளுக்கு மேல் இடமில்லை. கோப்பு முழுதாக ஏறவில்லை என்று அது எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை மூடிவிட்டு அதே பெயரில் சேமித்தால் மிச்சம் மூன்றரை லட்சம் வரிகள் போயே போய்விடும். பழைய எக்ஸ்.எல்.எஸ். வகைக் கோப்பில் எல்லை இன்னும் குறைவு, 65,536 வரிகள்தாம். இங்கிலாந்தில் 2020-இல் கொரோனா தொற்றாளர் கணக்கைத் தொகுத்தபோது அந்தப் பழைய எல்லையில் முட்டி, செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேர் அன்றாடப் பட்டியலில் விடுபட்டார்கள். ஒரு நாட்டின் சுகாதாரத் துறைக்கே இந்தக் கதி.

வரி எண்ணிக்கையாவது கண்ணுக்குத் தெரியும். இதைவிட மோசமானது ஓசையில்லாமல் நடக்கும். கோப்பில் 1.2345678E-05 என்று ஒரு திரிபு (நீளம் மாறும் விகிதம்) இருக்கிறது. எக்செல் அதை 1.23E-05 என்று காட்டும். நீங்கள் ஒரு தலைப்பை மட்டும் திருத்திவிட்டு மீண்டும் சி.எஸ்.வி.யாகச் சேமிக்கிறீர்கள். திரையில் தெரிந்ததுதான் கோப்பில் எழுதப்படும். மிச்ச இலக்கங்கள் எங்கும் இல்லை. மிக நெருக்கமான இரண்டு திரிபுகளைக் கழித்து வித்தியாசம் பார்ப்பவருக்கு அதற்குப் பிறகு பூஜ்யம்தான் கிடைக்கும்.

என் இரண்டாவது தலைகுனிவும் இந்த வகைதான். ஜெர்மனியில் உள்ள வாடிக்கையாளருக்கு இடப்பெயர்ச்சிகளை டேப் இடைவெளியிட்ட உரைக்கோப்பாக அனுப்பினேன். அவர்கள் நாட்டில் தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்குப் புள்ளி. நான் அனுப்பிய 1.250 மில்லிமீட்டர் அவர்கள் எக்செலில் 1250 ஆயிற்று. அதுகூடப் பரவாயில்லை. 12.5 என்று அனுப்பியது மே 12 ஆகிவிட்டது. 8.3 மார்ச் 8, 4.11 நவம்பர் 4. "உங்கள் தகடு நவம்பர் வரை வளைகிறதா?" என்று மின்னஞ்சல் வந்தது. நல்ல வேளை, நகைச்சுவை தெரிந்த மனிதர்.

வழி கேட்டீர்கள். முதலில், 14 லட்சம் வரிகளும் உங்களுக்கு வேண்டியதில்லை. வெல்டிங் ஓரம், துளையின் சுற்று, திரிபை அளக்க நீங்கள் ஸ்ட்ரெய்ன் கேஜ் ஒட்டப்போகும் இடம் என்று நோடுத் தொகுதிகளுக்குக் கணக்கு ஓட்டும் முன்பே பெயர் வைத்துவிடுங்கள். பிறகு அவற்றை மட்டும் எடுங்கள். முழுக் கோப்பும் கட்டாயம் என்றால் பைதான் நிரல் எழுதிப் படியுங்கள். அபாகஸின் முடிவுக் கோப்பைப் பைதான் கொண்டே நேராகத் திறக்கலாம், நடுவில் உரைக்கோப்பே தேவையில்லை. எக்செலைப் பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் திறந்ததைத் திரும்பச் சேமிக்காதீர்கள்.

கேள்வி: இரண்டு சுமைகளுக்குத் தனித்தனியே வான் மைசஸ் தகைவை எடுத்து, இரண்டையும் கூட்டி அறிக்கை தந்தேன். தவறு என்று திருப்பிவிட்டார்கள். நேர்கோட்டுக் கணக்கில் கூட்டலாம் என்றுதானே படித்தோம்?
— வாசகி, திருச்சி

பதில்: படித்தது சரிதான். கூட்ட வேண்டியது கூறுகளை. ஒரு கம்பியை முதல் சுமை 100 மெகாபாஸ்கல் இழுக்கிறது, இரண்டாவது 80 அமுக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் மிஞ்சுவது 20. வான் மைசஸுக்கு இழுப்பும் அமுக்கமும் ஒன்றுதான், கழித்தல் குறியே கிடையாது. ஆகவே உங்கள் கூட்டல் 180 என்று சொல்லும். ஆறு கூறுகளையும் ஏற்றுமதி செய்து, ஒவ்வொன்றாகக் கூட்டி, கடைசியில் வான் மைசஸைக் கணக்கிடுங்கள்.

அப்படி எடுக்கும்போது இன்னொரு குழி. அபாகஸ் முடிவுகளில் வெட்டுத் தகைவுகளின் வரிசை 12, 13, 23 (1 எக்ஸ், 2 ஒய், 3 இசட்). அன்சிஸில் எக்ஸ்ஒய், ஒய்இசட், எக்ஸ்இசட். கடைசி இரண்டும் இடம் மாறியிருப்பதைக் கவனியுங்கள். வரிசையை நம்பி ஒட்டினால் வான் மைசஸ் சரியாகவே வரும், ஏனென்றால் அது மூன்றின் வர்க்கங்களையும் கூட்டிவிடுகிறது. முதன்மைத் தகைவு (வெட்டே இல்லாத திசைகளில் உள்ள இழுப்பு, அமுக்கம்) மட்டும் தவறும். சரிபார்த்துவிட்டோம் என்று நம்பிய பிறகு சிக்கும் பிழை இது.

கேள்வி: கல்லூரித் திட்டப்பணிக்குக் கால்குலிக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். அதன் எஃப்.ஆர்.டி. என்ற முடிவுக் கோப்பைப் பைதானில் இடைவெளி பார்த்துப் பிரித்தால் சில வரிகளில் எண்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. கோப்பு கெட்டுவிட்டதா?
— மாணவர், மதுரை

பதில்: கோப்பு நலமாக இருக்கிறது. இடைவெளி பார்த்துப் பிரிப்பதுதான் தவறு. ஒவ்வோர் எண்ணுக்கும் 12 எழுத்து இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. -1.23456E+00 என்பதை விரல் விட்டு எண்ணுங்கள், சரியாக 12. கழித்தல் குறி வந்தால் இடைவெளிக்கு இடமே மிஞ்சுவதில்லை, முந்தைய எண்ணோடு ஒட்டிக்கொள்ளும். நேர்மறை எண்களில் குறியின் இடம் காலியாக இருப்பதால் அவை பிரிந்து தெரிகின்றன. அதனால்தான் சில வரிகளில் மட்டும் சிக்கல். முதல் 3 எழுத்துகளை விடுங்கள், அடுத்த 10 நோடு எண், அதன் பின் பன்னிரண்டு பன்னிரண்டாக வெட்டுங்கள். எழுத்து இடங்களை எண்ணி எழுதும் இந்தப் பழக்கம், தரவை அட்டையில் துளைகளாகப் பதித்த துளையட்டைக் காலத்துச் சொத்து. நாஸ்ட்ரான் என்ற பழைய வலிமைக் கணக்கு மென்பொருள் முடிவுகளை எழுதும் ஒரு வகைக் கோப்புக்கு இன்றும் பெயர் "பஞ்ச்" கோப்புதான். துளையிடும் இயந்திரத்தைப் பார்த்திராத பிள்ளைகளும் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள்.

கோப்பை வி.டி.கே. வகைக்கு மாற்றி, பாராவியூ என்ற முடிவு பார்க்கும் மென்பொருளில் திறந்து அங்கிருந்து சி.எஸ்.வி. எடுப்பதும் நல்ல வழியே. நோடு மதிப்பா, எலிமெண்ட் மதிப்பா என்று சேமிக்கும் சாளரத்தில் கேட்கும், பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எல்லா நேரப் படிகளையும் எழுதச் சொல்லும் பெட்டியில் குறியிடாவிட்டால் திரையில் நிற்கும் ஒரு படி மட்டுமே கிடைக்கும்.

கேள்வி: அனுப்பும் முன் நீங்கள் எதைச் சரிபார்ப்பீர்கள்?
— வாசகர், சேலம்

பதில்: தாங்கும் இடங்களின் எதிர்விசைகளை எடுத்துக் கூட்டுவேன். நிலைக் கணக்கில் அது நான் ஏற்றிய சுமைக்குச் சமமாக இருக்க வேண்டும். 5000 நியூட்டன் ஏற்றிய இடத்தில் 2500 வந்தால், பாதி நோடுகள் கோப்பில் இல்லை அல்லது சமச்சீர் கருதிப் பாதி மாதிரியை மட்டும் ஓட்டியதை மறந்துவிட்டேன். பிறகு கோப்பின் தலையில் கையால் நான்கு வரிகள்: எந்த மாதிரி, எந்தச் சுமை, எந்த நேரப் படி, என்ன அலகு.

கேள்வி: வெளியிலிருந்து வந்த அபாகஸ் கோப்பில் எஃகின் அடர்த்தி 7.85E-09 என்று இருக்கிறது. அலகு எங்கும் எழுதப்படவில்லை. 7850 அல்லவா வர வேண்டும்? அனுப்பியவருக்குத் தொலைபேசி செய்யவா?
— வாசகர், ராணிப்பேட்டை

பதில்: வேண்டாம். அபாகஸுக்கு அலகு என்பதே தெரியாது. கொடுத்த எண்களைக் கணக்கிட்டுத் தரும், அவ்வளவுதான். அனுப்பியவர் நீளத்துக்கு மில்லிமீட்டர், நிறைக்கு டன், நேரத்துக்கு நொடி வைத்திருக்கிறார். அப்போது தகைவு மெகாபாஸ்கலில் வரும், கன மீட்டருக்கு 7850 கிலோகிராம் என்பது கன மில்லிமீட்டருக்கு 7.85E-09 டன் ஆகும். நீளங்கள் மில்லிமீட்டரில் இருந்து, அடர்த்தி மட்டும் 7850 என்று இருந்திருந்தால் உடனே தொலைபேசியை எடுத்திருக்க வேண்டும்.