அம்மாவின் முழங்கால்: பிசியோவைத் தொடரலாமா?

தேய்மானத்துக்குப் பெரம்பூரில் பிசியோ போகும் அம்மாவுக்கு நேற்றிலிருந்து ஒரு முழங்கால் மட்டும் வீங்கிச் சுடுகிறது, குளிர் காய்ச்சலும் இருக்கிறது என்கிறீர்கள். இன்றைக்குப் பயிற்சி வேண்டாங்க. நானும் பிசியோதெரபிஸ்ட்தான், இதில் கை வைக்க மாட்டேன். தேய்மான வலி காய்ச்சலோடு வராது. மூட்டுக்குள் கிருமித் தொற்றா என்று இன்றே பார்த்தாக வேண்டும். தொற்று என்றால் சில நாட்களிலேயே மூட்டின் குருத்தெலும்பை அரித்துவிடும். சர்க்கரை இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம், அம்மாவுக்கு உண்டா?

ஊசி வழியாக மூட்டு நீரை எடுத்துச் சோதிப்பார்கள். அதனால் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், சோதனையில் கிருமி சிக்காமல் போகலாம். எண்ணெய் நீவுதல், ஒத்தடமும் வேண்டாம். ராத்திரியானாலும் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவு திறந்தே இருக்கும்.